ஏழாம் எண் வண்டியின் ஆறு படிவங்கள்

1

எங்கள் சக்கர நாற்காலிக்குப் பத்து வயது நிறைந்ததற்காகப் போன மாதம் ஆபீசில் கேக் வெட்டினார்கள். நெதர்லாந்தில் கேக் வெட்டப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒருவர் புது சைக்கிள் வாங்கினால்கூட வெட்டுவார்கள். நாங்கள் மொத்தமே ஒன்பது பேர். ஏழை நாடுகளில் இருப்பவர்களுக்காக, சீக்கிரம் உடையாத, விலை குறைந்த சக்கர நாற்காலிகளை வடிவமைப்பதுதான் எங்கள் வேலை. கேக்கின் மேல் சாக்லேட்டில் ஒரு நாற்காலி வரைந்திருந்தது. அதற்கு முன்சக்கரம் இரண்டு. எங்கள் வண்டிக்கோ முன்சக்கரம் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் ஒரு துண்டு தின்றேன்.

எல்ஸ் என்பவர் எங்கள் மேலாளர். நல்ல மனுஷி, ஆனால் எதையும் போட்டோவாகப் பார்த்தால்தான் நம்புவார். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஆகப் பழைய வண்டியைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வலைத்தளத்தில் போட வேண்டும் என்றார். சொல்லும்போதே எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முதல் வண்டிகள் போனது என் ஊருக்கு.

நான் ஆம்பூர்க்காரன். ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மிஷின்களைப் பழுது பார்க்கிற இன்ஜினியராக இருந்துவிட்டு இங்கே வந்தவன். இந்த ஒன்பது பேரில் தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வந்த புதிதில் இதில் எனக்கு ரொம்பத் திமிர் இருந்தது. அந்தத் திமிரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

தானமாக வருகிற வண்டிகளை ஊரில் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்து வழவழத் தரைக்காகச் செய்தவை அவை. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் வாசலைத் தாண்டியதும் மண்ணில் புதையும். ஒரு போல்ட் கழன்று விழுந்தால் அந்த அளவு போல்ட் ஆம்பூரிலும் கிடைக்காது, வேலூரிலும் கிடைக்காது. ஒரு வருஷத்தில் வண்டி வீட்டுக்குப் பின்னால் போய்விடும், அதன் மேல் விறகு ஏறிவிடும்.

அதனால் நாங்கள் சைக்கிள் சக்கரம் போட்டோம். டியூப், போக்ஸ் கம்பி, பேரிங் எல்லாம் எந்த சைக்கிள் கடையிலும் கிடைப்பவை. மண்ணில் புதையாத மாதிரி முன்னால் அகலமான ஒற்றைச் சக்கரம். ஆம்பூரில் உடைந்தால் ஆம்பூரிலேயே சரியாக வேண்டும் என்று ஆபீஸ் பலகையில் தமிழில் எழுதிவைத்தேன். அர்த்தம் கேட்டுவிட்டு, அழிக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

சீட்டுதான் பாடாய்ப் படுத்தியது. துணி ஒரே கோடையில் தொய்ந்துபோனது. ரெக்சின் வெடித்தது. எருமைத் தோல் போடலாம் என்று நான் சொன்னேன். முழுத் தோலிலிருந்து வெட்டினால் விலை ஏறிவிடும். ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் எங்கள் ஊர்க் கம்பெனிகளில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு துண்டுகளை நடுவில் சேர்த்து இரட்டைத் தையல் போட்டால் முழுத் தோலைவிட உறுதி. சோதனைக்கூடத்தில் மணல் மூட்டையை ஆயிரக்கணக்கான தடவை அதன் மேல் போட்டார்கள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அன்றைக்கு எனக்குக் கைதட்டினார்கள்.

அந்தத் தையல் உட்காருகிறவரின் வால் எலும்புக்கு நேர் கீழே மேடாக ஓடியது. மணல் மூட்டைக்குச் சதை கிடையாது. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, மற்ற எட்டுப் பேருக்கும் தோன்றவில்லை.

முதல் வண்டிகளைக் கொடுக்க நானே ஊருக்குப் போயிருந்தேன். ஏழாம் எண் வண்டி முனிரத்தினம் என்பவருக்கு. நாட்றம்பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். புளி உலுக்க மரம் ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். நாற்பது வயது இருக்கும். நான் உட்காரவைத்து அளவெல்லாம் பார்த்து முடித்ததும், எல்லாம் சரி, பெல் எங்கே என்று கேட்டார். வீல்சேருக்கு எதற்குப் பெல் என்றேன். "பெல் இல்லாத வண்டி ஒரு வண்டியா சார்?" என்றார். தெருமுனைக் கடையில் சைக்கிள் பெல் ஒன்று வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். நாங்கள் கிளம்பும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

3

ஊரில் எங்கள் வண்டிகளைக் கொடுத்துப் பராமரிப்பது ஒரு சின்னத் தொண்டு அமைப்பு. அதில் இப்போது வேலை செய்கிறவர் கலைச்செல்வி. மூன்று வருஷமாகத்தான் இருக்கிறார். பழைய வண்டி ஏதாவது ஓடுகிறதா பாருங்கள் என்று நான் கேட்ட நாலாம் நாள் போட்டோ வந்தது. ஏழாம் எண் வண்டி! பெயின்ட் முழுக்கப் போய்விட்டது, சக்கரங்கள் மாறியிருந்தன, ஆனால் சட்டம் வளையவில்லை. பத்து வருஷம். ஆபீசில் எழுந்து நின்று கூவலாம் போல இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். வண்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். போன் போட்டு, முனிரத்தினம் எங்கே என்று கேட்டேன்.

"அவரு அப்பவே போய்ட்டாரு சார். வண்டி வந்து ரெண்டு வருசம்கூட ஆவலையாம். உக்கார்ற எடத்துல புண்ணு வந்து, அது உள்ள எறங்கி, ஆஸ்பத்திரில போய்ட்டாராம்." என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து ஒன்று சேர்த்துச் சொன்னார். "வண்டி சூப்பரா கீது சார். சீட்டுல ஒரு நூல் பிரியல."

முனிரத்தினத்தின் மனைவி சரோஜா அந்த வண்டியைத் துடைத்து, அதே ஊரில் இருக்கிற தேன்மொழிக்குக் கொடுத்திருக்கிறார். தேன்மொழி ஷூ கம்பெனியில் தையல் போட்டுக்கொண்டிருந்தவர். கம்பெனி வேன் கவிழ்ந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்ஸ் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டிவிட்டார். இரண்டாம் சொந்தக்காரருக்கும் உழைக்கிறதே என்று அவருக்கு இரட்டிப்பு சந்தோஷம். தினமும் காலையில் கோட்டைக் கழற்றி மாட்டும்போது அந்த சீட்டு என் கண்ணுக்கு நேராக இருக்கும். பயமாக இருந்தது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் நாளிலிருந்து பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

4

வண்டி வாங்கினவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஏழே கேள்விகள். முனிரத்தினத்தின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஆறு படிவங்கள். புண் வந்திருந்தால் அதில் எழுதியிருக்க வேண்டுமே, எழுதாமல் மறைத்தாரா? உண்மையைச் சொல்கிறேன், அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்தாம் கேள்விக்கு ஆறு தாளிலும் ஒரே பதில்: இல்லை.

படிவத்தைத் தமிழாக்கியவன் நான். வெளியில் கொடுத்துச் சரிபார்க்கலாமே என்று அன்றைக்கே எல்ஸ் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் தாய்மொழியை யார் சரிபார்ப்பது? ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தேன். நிரப்பிய படிவங்கள் வந்தபோது அவற்றை ஆங்கிலத்தில் மாற்றிக் கணினியில் ஏற்றியவனும் நான்தான். போகிற கதவிலும் நான், வருகிற கதவிலும் நான். நடுவில் என்ன தொலைந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஆங்கிலப் படிவத்தில் ஐந்தாம் கேள்வி, எனி ஸோர்ஸ்? தமிழில் நான் எழுதியிருந்தது, வலி ஏதேனும் உள்ளதா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? சரியாகத்தானே இருக்கிறது என்று மூடிவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் என் மகள் இனியா ஹாக்கி விளையாடிவிட்டு வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பெயரில் மட்டும்தான் தமிழ் மிச்சம். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள், அதுவும் பாதிக்குத் தோள்குலுக்கல். எதற்கோ மனசு கேட்காமல், ஸோர் என்றால் என்ன, தமிழில் சொல் பார்க்கலாம் என்றேன். பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்து முகத்தைச் சுளித்தாள். யோசித்தாள். சொல் கிடைக்கவில்லை. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, சாக்ஸைக் கழற்றி, குதிகாலைக் காட்டினாள். புது ஷூ கடித்துத் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

"இது," என்றாள்.

புண். வலி இல்லை, புண். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸோர் த்ரோட் என்றால் தொண்டை வலி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறெங்கும் எனக்கு அந்தச் சொல்லோடு பழக்கமில்லை. பெட் ஸோர் என்று இருந்திருந்தால் படுக்கைப் புண் என்று தூக்கத்தில்கூட எழுதியிருப்பேன். வெறும் ஸோர் என்று இருந்தது. தொண்டையை எடுத்துவிட்டு வலியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத மனுஷனிடம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் எழுதியிருக்கிறார். நான் அதை நோ ஸோர்ஸ் என்று ஏற்றியிருக்கிறேன். இனியா பிளாஸ்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

5

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. அதே படிவம்தான் இன்னும் புழக்கத்தில் இருந்தது. அதே தையல் சீட்டில் தேன்மொழி உட்கார்ந்திருந்தார். அவருடைய கடைசிப் படிவத்தைத் தேடினேன். ஐந்தாம் கேள்வி: இல்லை.

ஆம்பூரில் விடிந்ததும் கலைச்செல்விக்குப் போன் அடித்தேன். அவர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். தேன்மொழி வீட்டுக்கு இன்றைக்கே போக முடியுமா என்றேன். போன வாரம்தான் போனேன், வலி ஒன்றும் இல்லை என்றார் என்று சொன்னார்.

"கேக்காதீங்கம்மா. பாருங்க. துணிய வெலக்கிக் கண்ணால பாருங்க."

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேரில் பார்த்தே இராத ஆம்பளை வெளிநாட்டிலிருந்து போன் போட்டு இப்படிச் சொன்னால் யாருக்கும் ஆகும். பிறகு நான் முழுக்கச் சொன்னேன், சொல்லைப் பற்றியும் தையலைப் பற்றியும். வர்ற பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறுகிறேன் என்றார்.

அந்த நாலு மணி நேரம் எனக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. இங்கே விடிவதற்கு முன்பே ஆபீசுக்குப் போய்விட்டேன். ஒரு பேரிங் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு போனையே பார்த்தேன். உணர்வில்லாத உடம்பில் ஒரு புண் எவ்வளவு நாள் சத்தமில்லாமல் வளரும் என்று படித்தேன். படித்திருக்கக் கூடாது.

"சார், இருக்கு," என்றார் கலைச்செல்வி. "ஒரு பொட்டு அளவுக்குத் தோல் உரிஞ்சிருக்கு. சுத்தி ஒரே செவப்பு. அவங்களுக்கே தெரியல. நான் போன்ல போட்டோ புடிச்சுக் காட்டுனதும் பேஜாராய்ட்டாங்க, இது என் ஒடம்பான்னு கேக்கறாங்க."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆரம்பம்தான், குப்புறப் படுத்திருந்தால் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கே நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். எல்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து, படிவத்தில் சொல்லை மாற்றுவதென்றால் புதுப் பதிப்பு எண் வேண்டும், அதற்குத் தரக்குழு கூட வேண்டும், அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து என்றார். ஆறு வாரம்! ஒரு சொல்லுக்கு! பத்து வருஷமாக இல்லாத கோபம் எனக்கு வந்தது. வெளியே வந்து கலைச்செல்விக்கு போன் போட்டு, கையில் இருக்கிற படிவம் எல்லாவற்றிலும் பேனாவால் வலியை அடித்துவிட்டுப் புண் என்று எழுதுங்கள், தேன்மொழி வண்டி மாதிரி நடுத்தையல் போட்ட சீட்டு எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் கழற்றுங்கள், யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். தரக்குழு பின்னால் கூடி அதையே ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

6

தேன்மொழி விஷயம் தேறிவிட்டது. முனிரத்தினம் விஷயம் தேறுவதற்கு இல்லை. அதை சரோஜாவிடம் சொல்ல வேண்டியவன் நான். கலைச்செல்வி, நான் சொல்லட்டுமா சார் என்று கேட்டார். அந்த அளவுக்கு நான் கோழையாகிவிடவில்லை. ஆனாலும் பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

சரோஜா ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில்தான் பேச முடியும். பின்னால் டிபன் டப்பாக்கள் மூடுகிற சத்தம். நான் யார் என்று சொன்னதும், பெல் போட்ட சாரா என்று கேட்டார். அது எனக்குத் தாங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். படிவத்தில் புண் என்று இருந்திருக்க வேண்டும், நான் வலி என்று எழுதிவிட்டேன், சீட்டின் நடுவில் தையல் வந்ததும் என் யோசனைதான் என்றேன்.

தன் டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பேசினார்.

"புண்ணு இருந்துச்சு சார். எனக்குத் தெரியும், நான்தான் பவுடர் போட்டுக் கட்டுவேன். ஃபாரத்துல எழுதுன்னேன். வலியான்னுதான கேட்டுக்கீறாங்க, எனக்குத்தான் வலிக்கலியே, இல்லாதத இன்னாத்துக்கு எழுதணும்னாரு. பொய் எழுத மாட்டாரு அவரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் மன்னிப்பு என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் வாய் திறந்து ஒருவரிடம் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாடகத்தில் பேசுகிற மாதிரி வந்தது.

"ஒரு வார்த்தைதானா சார்?" என்றார். "அவ்ளோதானா?"

திட்டியிருக்கலாம். கம்பெனி மணி அடித்தது, வைக்கிறேன் சார் என்று வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்தக் குரல் என்னோடு இருந்தது. வீட்டில் இனியா ஏதாவது கேட்டால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அவளாகவே, உடைந்த தமிழில், "அப்பா, உனக்கு எங்க வலி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

7

அடுத்த வாரம் சரோஜாவே கூப்பிட்டார். சண்டை போடப் போகிறார் என்று தயாராகத்தான் எடுத்தேன், போட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவருக்கு வேண்டியது அந்தப் படிவங்கள். வீட்டில் முனிரத்தினம் எழுதியது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விழுவதற்கு முன்னால் அவருக்கு எழுதுகிற வேலையே வந்ததில்லை, விழுந்த பிறகு எழுதியதெல்லாம் எங்களுக்குத்தான். மகன் அப்பா கையெழுத்து எப்படி இருக்கும் என்று கேட்கிறானாம்.

"இல்லன்னு எழுதுனது இருந்தாலும் சரி சார். அதையே குடுங்க."

எல்ஸிடம் கேட்டேன். அசல் தாள்கள் வெளியே போவதற்குத் தனிநபர் தகவல் சட்டப்படி ஒரு ஒப்புதல் வேண்டும் என்றார். யாருடைய ஒப்புதல் என்றேன். விதியைத் திரையில் எடுத்து வாசித்தார்: சம்பந்தப்பட்ட நபரின் கையெழுத்துடன். வாசித்து முடித்ததும் அவருக்கே உறைத்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் உயிரோடு இல்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல், நான் காபி குடிக்கப் போகிறேன், வர அரை மணி ஆகும் என்று அலமாரிச் சாவியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். எங்கள் கோப்புக்கு நகல்கள் போதும். நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அசலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினேழு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஆறும் பத்திரமாக வந்துவிட்டன, மகன் ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தான், இங்க் இன்னும் அழியவில்லை என்றார். குரல் நன்றாக இருந்தது. எனக்கும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. சரிம்மா, வைக்கட்டுமா என்றேன்.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றார். "வரிசையா வச்சுப் பாத்தோம். மொதல் நாலு காயிதத்துல எழுத்து குண்டு குண்டா அழகா கீது. அஞ்சாவதுல கோணுது. ஆறாவதுல கை ஆடிப்போயி இல்லைன்றதுல ஒரு எழுத்து கோட்டத் தாண்டிக் கீழ எறங்கியிருக்கு. அப்பவே ஜொரம் ஏறியிருந்திருக்கு அவருக்கு. நான் வேலைக்குப் போய்ட்டேன், பாக்கல." தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. "உங்க கைக்குத்தான வந்துச்சு சார் இது? நீங்க பாக்கலியா?"

பார்த்தேன். கோட்டைத் தாண்டி இறங்கின எழுத்தைப் பார்த்து, மனுஷன் அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நினைத்துவிட்டு, நோ என்று ஏற்றினேன்.

"பாத்தேம்மா," என்றேன்.